"என்னமோ சரியில்ல" என்று மனசு சொல்லும்போது நர்ஸ்கள் செய்யக்கூடாத தவறுகள்

நைட் டியூட்டி, மணி இரண்டு. காலையில் வயிற்று ஆபரேஷன் ஆன மனிதர். பி.பி. 110/80, காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் 97. ஆனால் சாயங்காலம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர் இப்போது ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார், போர்வையை இழுத்து இழுத்து விடுகிறார், கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மனசு உறுத்துகிறது.

"எல்லாம் நார்மல்தானே" என்று அடுத்த பெட்டுக்கு நகர்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ரத்தம் கசியும்போது உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓடவிட்டுச் சமாளிக்கும். ஆரோக்கியமான ஆளுக்குக் கிட்டத்தட்ட 30 சதவீத ரத்தம் போகும் வரைகூட பி.பி.யின் மேல் அளவு இறங்காமல் நிற்கலாம். அதற்கு முன்பே பல்ஸ் ஏறும், கை கால் குளிரும், மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி குறுகும். அந்த 110/80-ஐ மறுபடி பாருங்கள், இடைவெளி வெறும் 30. சாயங்காலம் 124/76 இருந்திருந்தால் அது 48. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பல்ஸும் சரியாக ஏறாது, அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் மூச்சு. எத்தனை சார்ட்டில் வரிசையாக 20, 20, 20 என்று இருக்கிறது! யாரும் எண்ணவில்லை என்று பார்த்தாலே தெரியும். உறுத்தல் வந்தால் முதல் வேலை, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுவது. பிரிட்டனில் பயன்படுத்தும் நியூஸ் 2 என்ற அபாய மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண், உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டும்.

"டாக்டர், 14ஆம் பெட் பேஷண்ட் என்னமோ மாதிரி இருக்கார்" என்று மட்டும் போனில் சொன்னால், "பி.பி. எவ்வளவு? சரி, பார்த்துக்கோங்க சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். உணர்வைக் கண்ணால் பார்த்ததாக மாற்றிச் சொல்லுங்கள்: "காலையில வயித்து ஆபரேஷன் ஆனவர். பல்ஸ் 84-லிருந்து 112, மூச்சு 26, ரெண்டு மணி நேரத்துல யூரின் 30 மில்லிதான், கை சில்லுனு இருக்கு. உள்ளே கசியுதோன்னு பயமா இருக்கு, நேர்ல வந்து பாருங்க." இப்படிச் சொல்ல முடியுமா என்றால் முடியும். அமெரிக்காவில் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. நர்ஸ்களிடம் பேசி 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், "சும்மா மனசுக்குத் தோணுச்சு" என்றவர்களைத் துருவிக் கேட்டபோது, அவர்கள் கவனித்திருந்த திட்டவட்டமான அறிகுறிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றில் பல, அப்போதைய மருத்துவ நூல்களில்கூட இல்லை.

என்னை அதிகம் பயமுறுத்துவது இதன் மறுபக்கம். "இந்தம்மா எப்பவும் இப்படித்தான் கத்தும்", "கேஸ் டிரபிள்தான்" என்பதும் உள்ளுணர்வுதான். சர்க்கரை நோயுள்ள வயதான பெண்ணுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் வாந்தியும் அசதியுமாக வரலாம். மனசு "ஆபத்து" என்றால் நம்பிப் போய்ப் பாருங்கள், "ஒண்ணுமில்ல" என்றால் நம்பாதீர்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். எலும்பு வார்டில் பதினைந்து வருடம் இருந்தவரின் கண் இதய ஐ.சி.யூ.வில் முதல் மாதமே வேலை செய்யாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் இருக்கும் சீனியரைக் கூப்பிட்டால் போதும்.

கூட இருக்கும் மனைவி "அவர் இப்படிப் பேசுற ஆள் இல்லை சிஸ்டர்" என்றால் தூக்கக் கலக்கம் என்று தள்ளாதீர்கள். அந்த மனிதரின் நார்மல் நம்மைவிட மனைவிக்குத்தான் தெரியும். 2017-ல் நியூஸ் முறையைத் திருத்தியபோது புதிதாக வரும் குழப்பத்தையும் சேர்த்தார்கள், அதற்கும் 3 மதிப்பெண்.

டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகும் உறுத்தல் போகவில்லையா? கவனித்ததையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் நேரம் போட்டு நோட்ஸில் எழுதுங்கள். காலையில் அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "14ஆம் பெட்டுக்கு எனக்கு மனசு ஒப்பல, அரை மணிக்கு ஒருதரம் மூச்சை எண்ணிப் பாருங்க."