வன்னி வைத்தியசாலைகளுக்குப் பயிற்சிக்கு வரும் மருந்தகவியல் மாணவர் குழுவோடு சேர்ந்து பணியாற்றப் பழகுவது எப்படி

ஏனைய சுகாதாரத் துறையினரோடு சேர்ந்து கற்க மாணவர் எவ்வளவு ஆயத்தமாக இருக்கின்றனர் என்பதை அளக்க, பார்செல், பிளை ஆகிய இருவரும் 1999இல் 19 கூற்றுகள் கொண்ட வினாத்தாளொன்றை வெளியிட்டனர். அத்தகைய தாளில் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று அடையாளமிடுவது எவருக்கும் எளிது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மருந்து வழங்கும் யன்னலில் நிற்கும்போது, வைத்தியர் எழுதிய சிட்டையில் ஐயம் தோன்றினால் அதை அவரிடம் கேட்கிறீர்களா, பேசாமல் இருந்துவிடுகிறீர்களா என்பதிலேதான் உங்கள் மனப்பாங்கு தெரியவரும்.

முதற்கிழமையில், பொறுப்பு மருந்தாளரின் அனுமதியுடன், விடுதியில் தாதியர் மருந்து கொடுக்கும் நேரத்தில் கூட நின்று பாருங்கள். ஊசி மருந்தைக் கரைப்பதற்கும், அட்டையில் ஒப்பமிடுவதற்கும், சத்தி எடுக்கும் நோயாளிக்கு மாத்திரையை எப்போது திரும்பக் கொடுப்பது என்று தீர்மானிப்பதற்கும் அவருக்கு எவ்வளவு நேரம் செல்கிறது என்பதைக் கண்டவருக்கு, களஞ்சியத்திலிருந்து ‘மருந்து இல்லை’ என்று ஒரு சொல்லில் அனுப்பிவிட மனம் வராது. ‘மிஸ், இதை ஏன் இப்படிச் செய்கிறீங்கள்?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்லித் தருவார்கள்.

வைத்தியரிடம் பேசுவதே பலருக்குக் கடினம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்வோம். அது கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாக நாளாந்தம் எடுத்தால் குருதிக் கலங்கள் குறைந்து உயிராபத்து நேரலாம். சிட்டையில் ‘தினமும்’ என்று இருந்தால், நோயாளியின் முன்னே ‘டொக்டர் பிழையாக எழுதிவிட்டார்’ என்று சொல்லாமல் அவரை வாங்கில் இருத்திவிட்டு, கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, பொறுப்பு மருந்தாளரிடம் காட்டிய பின் வைத்தியரை அழையுங்கள். நோயாளி யார், எழுதியிருப்பது என்ன, ஐயம் என்ன, நீங்கள் முன்வைப்பது என்ன என்ற ஒழுங்கில் பேச்சு இருக்கட்டும்: ‘டொக்டர், மூட்டுவாதத்துக்கு வாற அம்மா ஒராளின்ர சிட்டையிலை மெதொட்ரெக்சேட் ஒவ்வொரு நாளும் எண்டு இருக்கு. போனமாதக் கொப்பியிலை கிழமைக்கு ஒருக்கால்தான் கிடக்கு. அப்பிடியே மாத்தித் தரலாமோ?’ சிங்களம் பேசும் வைத்தியராயின் இதே ஒழுங்கை ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அவர் சினந்து பதில் சொன்னாலும் ஐயம் தீரும்வரை மருந்தைக் கொடுக்கக்கூடாது. துணுக்காயிலிருந்து பஸ்ஸில் வந்தவர் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய பொழுதே போய்விடும் என்பதால், இந்த அழைப்பைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடவும் கூடாது.

மாணவர் அதிகம் கவனிக்காமல் விடுபவர் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும் என்பதும், தேநீரும் அவ்வாறே தடுக்கும் என்பதும் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். ஆனால் எந்தத் தாய் மாத்திரையைப் பிளேன்ரீயுடன் விழுங்குகிறார், வயிற்றுப் பிரட்டலால் எவர் அதை அடியோடு நிறுத்திவிட்டார் என்பது, ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள வீடுகளுக்குப் போய்வரும் அவருக்கே தெரியும். கிளினிக் நாளில் அவருக்கு அருகில் இருந்து கேளுங்கள். பாடம் எடுக்கப் போக வேண்டாம். மாத்திரைகளை எந்தெந்த வேளைக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதை இருவருமாகத் தீர்மானித்து உறையில் தமிழில் தெளிவாக எழுதுங்கள்.

மருந்துத் தட்டுப்பாடு, 2022இல் நாடே கண்டதுபோல், குழுவைச் சோதிக்கும் இன்னொரு சந்தர்ப்பம். கிளினிக் தொடங்குமுன், அன்று இல்லாத மருந்துகளையும் அவற்றுக்குப் பதிலாகக் கையிருப்பில் உள்ளவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரின் மேசைக்கு அனுப்புங்கள். உயர் குருதி அமுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் எனலாபிரில் இல்லை, லோசார்டன் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால், நாட்கூலிக்குப் போகும் ஒருவரைத் தனியார் மருந்தகத்துக்கு அனுப்ப வேண்டி வராது. எதை, எந்த அளவில் மாற்றுவது என்பது வைத்தியரின் பொறுப்பு. ஆகவே தாளில் கையிருப்பை மட்டும் எழுதி, அளவு பற்றி அவர் கேட்டால் பொறுப்பு மருந்தாளருடன் சேர்ந்து பதில் சொல்லுங்கள்.