வேலையா, விளையாட்டா? தடைக்காலத்தில் பிரித்து வைக்கும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாது. அப்பாவும் வீட்டில், மே மாத லீவில் பிள்ளைகளும் வீட்டில். வலையை விரித்ததும் பிள்ளைகள் வந்து மொய்ப்பார்கள். "வாங்க, வலை கட்டி விளையாடலாம்" என்று பெரியவர் கூப்பிடுவார். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து போய்விடும், கூப்பிட்டவருக்குக் கோபம் வரும். விளையாட்டு என்று கூப்பிட்டால் பாதியில் எழுந்து போகலாம் என்றுதானே அர்த்தம்.

இரண்டையும் பிரிக்க, கை செய்வதைப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் முங்கி விளையாடும் அதே கடலில்தான் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி கட்டி முங்குகிறார்கள். பார்க்க வேண்டியது விதியை. வேலையில் எளிய வழி கிடைத்தால் விடமாட்டோம். கை இழுத்த கயிற்றை இன்று விஞ்சு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) இழுக்கிறது. விளையாட்டிலோ எளிய வழியை நாமே அடைத்துவிடுகிறோம். பாண்டியில் இரண்டு காலையும் ஊன்றினால் அவுட். நொண்டியடித்துக்கொண்டு மீன் கூடை சுமப்பவர் யாராவது உண்டா?

அடுத்து, நடுவில் நிறுத்தினால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். கரைவலை இழுக்கும்போது பாட்டு உண்டு, கேலி உண்டு. ஆனாலும் அது வேலைதான். ஒருவர் கயிற்றை விட்டால் மற்றவர் தோளில் பாரம் ஏறும்.

பிள்ளைக்கு வேலை கொடுப்பதானால் வேலை என்றே சொல்லிக் கொடுங்கள். அளவு முக்கியம். வலை ஊசியில் நூல் சுற்றுவது பத்துப் பன்னிரண்டு வயதுக்குச் சரியான வேலை: காலையில், நிழலில், ஐந்து ஊசி, அல்லது அரை மணி நேரம், எது முந்துகிறதோ அதோடு சரி. கிழிசலை வெட்டிச் சீராக்குவதும் முடிச்சுப் போடுவதும் பெரியவர் கையில் இருக்கட்டும். வலைக் கண்ணின் அளவு ஒன்று தப்பினால் அடுத்த வரிசை முழுக்கக் கோணும். ஊசியில் நூலைத் திணித்துச் சுற்றினால் கண்ணுக்குள் நுழையாமல் சிக்கும், பாதி வேலை அவிழ்ப்பதிலேயே போகும். முடிந்ததும் "இன்னும் ரெண்டே ரெண்டு" என்று இழுக்காதீர்கள். மறுநாள் பிள்ளை வராததற்குப் பெரும்பாலும் அந்த ரெண்டுதான் காரணம்.

விளையாட்டுக்கு ஆடுபுலி ஆட்டம் போதும், காசு செலவில்லை. ஈர மணலில் ஒரு உச்சிப் புள்ளி. அதிலிருந்து விரியும் நான்கு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டும் நான்கு கோடுகள். மேலுள்ள மூன்று குறுக்குக் கோடுகளை மட்டும் இருபக்கமும் வெளியே நீட்டி, நுனிகளைப் பக்கத்துக்கு ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். புள்ளிகளை எண்ணுங்கள்: உச்சியில் 1, மூன்று கோட்டில் ஆறாறாக 18, அடியில் 4, மொத்தம் 23. குறைந்தால் பக்கக் கோட்டைச் சரிபாருங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் ஓரத்துக்குப் போன புலி சுலபமாக மாட்டிக்கொள்ளும்.

மூன்று கூழாங்கல் புலி. ஒன்று உச்சியில், இரண்டு அதற்கு அடுத்த கோட்டின் நடுப் புள்ளிகளில். பதினைந்து புளியங்கொட்டை ஆடு. (கிளிஞ்சல் பொறுக்கத் தீவுப் பக்கம் போக வேண்டாம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா.) ஆட்டுக்காரர் ஒன்று வைக்க, புலி ஒரு நகர்வு. பதினைந்தும் இறங்கும்வரை ஆடு நகரக்கூடாது. அடுத்த புள்ளியிலுள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பால் புள்ளி காலியாக இருந்தால் புலி வெட்டும். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் இங்கே செய்யும் தப்பு, வேண்டுமென்றே தோற்பது. பிள்ளை கண்டுபிடித்துவிடும். புதிதாகப் பழகுகிறவருக்குப் புலி சுலபம். பிள்ளைக்குப் புலியைக் கொடுத்துவிட்டு ஆட்டை நீங்கள் எடுத்து முழு மூச்சாக ஆடுங்கள். ஜெயித்தால் மிட்டாய் என்றும் பந்தயம் வேண்டாம். அடுத்த ஆட்டம் மிட்டாய்க்காக ஆகிவிடும், தோற்றால் சண்டை.

படகில் மட்டும் இந்தக் கலப்பே கூடாது. கரையில் நிற்கும் படகானாலும் விஞ்சு, கயிறு, நங்கூரம் பக்கம் ஒளிந்து விளையாட விடாதீர்கள். யாரோ இன்ஜினைச் சோதித்துப் பார்க்கிற நேரத்தில் சுற்றும் கயிறு கையை இழுத்துக்கொள்ளும்.

ஜூனில் காற்று ஏறினால் மணலில் கோடு நிற்காது. அப்போது திண்ணைச் சிமெண்டில் கரித்துண்டால் போட்டுக்கொள்ளலாம்.