பழைய போனில் ஜிபிஎஸ்: நெட் இல்லாமல் டெல்டாவில் வழி பார்க்க

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்ச் சேர்வதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். எங்கள் பக்கம் வழி கேட்டால் பாலத்தை வைத்துத்தான் சொல்வார்கள். ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்த பாலம் வரை கரையோடு போய்த்தான் திரும்ப வேண்டும். என் மாமா குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். படுகைப் பக்கம் இறங்கினால் நெட் போய்விடுகிறது, மேப் பாதியில் நின்றுவிடுகிறது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரியில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை அவருக்கு வழிகாட்டியாக மாற்றிக் கொடுத்தேன். சிம் கூடப் போடவில்லை. செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு கோள்கள் சரியாகக் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நெட் வேண்டியிருப்பது மேப்புக்கு. அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை, போனைத் தயார் செய்வது. பேட்டரி உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டி முகப்பில் வெயில் படும் இடத்தில் இருக்கப்போகிற போன், இதில் அலட்சியம் கூடாது. பழைய படங்களை அழித்து ஒரு ஜிபியாவது இடம் ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

அடுத்து, போனுக்குள் ஜிபிஎஸ் சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும். வைஃபை மட்டும் உள்ள சில டேப்லெட்டுகளில் இருக்காது. ‘ஜிபிஎஸ் டெஸ்ட்’ என்ற செயலியைப் போட்டு, செட்டிங்ஸில் லொகேஷனை ஆன் செய்யுங்கள்.

இப்போது போனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். ஓட்டு வீட்டுத் திண்ணை போதாது, தென்னந்தோப்பும் வேண்டாம். களத்துமேடு மாதிரி வானம் முழுசாகத் தெரிகிற இடம் வேண்டும். நாங்கள் அறுத்து முடித்த வயலில் வரப்பின் மேல் போனை மல்லாக்க வைத்தோம். திரையில் வெறும் வட்டம். ஐந்து நிமிடம் ஆயிற்று. “என்ன மாப்ளே, ஒண்ணும் காட்டலியே?” என்றார் மாமா. “கொஞ்சம் பொறுங்க மாமா” என்றேன். கோள்கள் வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் தகவல் அனுப்புகின்றன. எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணையும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். நெட் உள்ள போன் இந்த விவரங்களை நெட் வழியே வாங்கிக்கொள்வதால்தான் சட்டென்று இடத்தைக் காட்டுகிறது. நெடுநாள் சும்மா கிடந்த போனுக்கு முதல் தடவை நேரம் கொடுக்கத்தான் வேண்டும். எட்டாவது நிமிடம் ஒரு கோளின் சிக்னல் கோடு எழும்பியது, பிறகு மூன்று, அப்புறம் ஏழு. மாமா போனைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தே பார்த்தார். அடுத்த நாளிலிருந்து இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இருபது நிமிடம் ஆகியும் ஒரு கோள்கூடத் தெரியவில்லை என்றால் சிப் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, மேப். நான் போட்டது ‘ஆர்கானிக் மேப்ஸ்’. இலவசம், விளம்பரம் இல்லை, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் தகவலை வைத்து இயங்குகிறது. வீட்டு வைஃபையில் செயலியை நிறுவி, மேப் பட்டியலில் இந்தியாவுக்குள் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். திருநள்ளாறு, காரைக்கால் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அவை புதுச்சேரியைச் சேர்ந்தவை. பட்டியலில் புதுச்சேரி தனியாக இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள்.

ஊரைத் தேடும்போது தமிழில் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் நமக்குப் புதிதில்லை. குருபகவானைக் கும்பிட ஆலங்குடி போகிறவர் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியைத் தொட வேண்டும்; புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. கிளம்புமுன் தூரத்தைப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

மேப்பில் வழி கேட்கும்போது கார் படத்தைத் தொட்டிருக்கிறோமா என்பதையும் பாருங்கள். முதல் நாள் நான் நடைப் படத்தைத் தொட்டுவிட்டேன். மேப் காட்டியபடியே போய் நின்றது குடமுருட்டியின் குறுக்கே ஒரு நடைபாலம். சைக்கிள் போகும் அகலம்தான். இலைக்கட்டோடு கரையிலேயே பின்னாலே வந்து, திரும்ப இடம் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து புது வழி என்றால் ஆற்றைக் கடக்கும் இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

சிப் இல்லாத போனுக்குத் தனி ப்ளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதை ஆன் செய்து போனோடு இணையுங்கள்; எண் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. பிறகு ‘ப்ளூடூத் ஜிபிஎஸ்’ என்று தேடி, ரிசீவரைப் படிக்கிற ஒரு செயலியை நிறுவுங்கள். செட்டிங்ஸில் ‘பில்டு நம்பர்’ வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘மாக் லொகேஷன்’ என்ற இடத்தில் அந்தச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய போனில் ஒரு டிக் போட்டாலே போதும். ரிசீவரை முன் கண்ணாடியோரம் வையுங்கள். பழைய ரிசீவர் தேதியை மட்டும் தப்பாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் உங்கள் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேப்பில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்து, சேமித்து, தமிழிலேயே பெயர் வைக்கலாம். மாமா முதலில் குறித்தது குட்டியானை திரும்ப இடமிருக்கிற ஒரு மதகடியை.