ஹோர்ட்டன் சமவெளியில் ஒருநாள் நடை: மூடுபனியை முந்துவது எப்படி?

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு முதல் தடவை போனபோது, உலக முடிவு (World's End) எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பில் நான் பார்த்தது வெள்ளை. வெறும் வெள்ளை. "பள்ளத்தாக்கு எங்கயடா?" என்று கேட்டதற்கு, கூட வந்த நண்பன் பனிக்குள் கையை நீட்டி, "இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு மச்சான்" என்றான். நேரம் பத்தே கால். அடுத்த வருடம் எட்டேகாலுக்கு அதே பாறையில் நின்றேன். காலடியில் 870 மீட்டர் அளவு செங்குத்து. அடியில் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர்களின் லயன் வீட்டுக் கூரைகளும் தீப்பெட்டி அளவில்.

கீழேயுள்ள சூடான காற்று வெயில் ஏற ஏறச் செங்குத்தின் வழியே மேலெழும்பி, குளிரில் மேகமாகிவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் எல்லாம் மூடிவிடும். ஆகவே கீழே உள்ளதெல்லாம் ஒரே கணக்குத்தான்: ஒன்பதுக்கு முன் உலக முடிவில் நிற்க வேண்டும். மற்ற நேரங்களை அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

1. மாதம்

ஜனவரி முதல் மார்ச் வரை. மற்ற மாதங்களிலும் போகலாம், மழைக்கோட்டோடு. ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி படிந்திருப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எனக்கு முதல் அரை மணி நேரம் விரல்கள் மடங்கவில்லை.

2. முதல் நாள் இரவு

காலையில் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி அன்றே நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒஹிய ரயில் நிலையத்தில் இறங்கும்போதே பிற்பகல் ஆகிவிடும். அங்கிருந்து நடை தொடங்கும் ஃபார் இன் (Farr Inn) வரை ஏற்றத்தில் 11 கிலோமீட்டர் வேறு. நுவரெலியா, பட்டிப்பொல, ஒஹிய மூன்றில் ஒன்றில் தங்குங்கள். என் விருப்பம் நுவரெலியாதான். 32 கிலோமீட்டர் தூரம் என்றாலும் வான் (van) பிடிப்பது சுலபம், இரவுச் சாப்பாடும் கிடைக்கும். வானை முதல் நாள் மாலையே பேசி வையுங்கள். நான் ஐந்தரைக்குப் புறப்படலாம் என்றபோது சாரதி அண்ணா சிரித்தார்: "தம்பி, நாலரைக்கே கெளம்பிடணும். இல்லாட்டி பனியத்தான் பாக்கணும்."

வானிலை ஆப்பைவிட இந்தச் சாரதிகளையே நம்புகிறேன்.

3. வாயில், பிறகு பை சோதனை

வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நுழைவுச்சீட்டு வரிசை நீளும். முடிந்தால் வார நாளில் போங்கள். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும்.

ஃபார் இன்னில் நடை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போக முடியாது. முதல் தடவை நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ரொட்டியும் கட்டைச் சம்பலும் லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளில், பிஸ்கட் அதன் உறையில், தண்ணீர்ப் போத்தலில் லேபல். எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து வெளியே எடுத்தோம். பிஸ்கட்டைக் கைக்குட்டையில் கொட்டினோம், சம்பல் பையின் அடியில் கொட்டியது. பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு காதில் விழுந்தது. போனது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில்தான் பள்ளத்தாக்கையும் கோட்டை விட்டோம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பா, வாழையிலையில் சுற்றிய ரொட்டி, லேபலை வீட்டிலேயே கிழித்த போத்தல். சோதனை அரை நிமிடத்தில் முடிகிறது.

4. எந்தப் பக்கம் திரும்புவது

பாதை ஒரு வட்டம், மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டர் அளவு. சிறிது தூரம் போனதும் கிளை பிரியும். உலக முடிவுக்கு முன்பே வரும் சிறிய விளிம்பான சிறிய உலக முடிவு என்று அம்புக்குறி காட்டும் பக்கமே போங்கள். பேக்கர்ஸ் அருவியின் பக்கம் முதலில் போகாதீர்கள். முதல் தடவை நாங்கள் அருவிக் கூட்டத்தைத் தவிர்க்கிறோம் என்று புத்திசாலித்தனமாக அப்படித்தான் போனோம். அருவி எங்கும் ஓடிவிடாது, பள்ளத்தாக்குத்தான் ஓடிவிடும்.

ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினால் உலக முடிவு வரையான நான்கு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாக முடிக்கலாம். விளிம்பில் செல்ஃபிக்காகப் பின்னால் நகர வேண்டாம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் 20 மீட்டர் உயர அருவி. படிகள் வழுக்கும், தண்ணீரில் இறங்காதீர்கள். கடைசி மூன்றரை கிலோமீட்டர் பெரும்பாலும் புல்வெளி. குளிர்கிறதே என்று தொப்பியைக் கழற்றினால் மாலையில் மூக்குத் தோல் உரியும்.

5. காலுக்கும் கைக்கும்

நல்ல பிடிப்புள்ள சாதாரண ஓட்டச் சப்பாத்துப் போதும். கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) போட்டு வந்தவர் அருவிப் படியில் பட்ட பாட்டைப் பார்த்தேன். குடையும் வேண்டாம், காற்று திருப்பிவிடும். பாதை தெளிவாக இருப்பதால் ஜிபிஎஸ்ஸும் தேவையில்லை.

பின்னர் சேர்த்தவை:

கனடாவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். பிறந்தது வவுனியா, கையில் இருப்பது கனடிய பாஸ்போர்ட் மட்டும். வாயிலில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்டார்களாம். ஆம், அப்படித்தான். உள்ளூர்க் கட்டணத்தைவிட அது பல மடங்கு அதிகம், வாகனக் கட்டணமும் தனி. தமிழில் பேசினால் குறையாது.

முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று இருவர் கேட்டார்கள். சிறிய உலக முடிவு வரை போய் அதே வழியில் திரும்புங்கள். அருவிப் பக்கம் வேண்டாம்.

கிரிகல்பொத்த மலையையும் அதே நாளில் ஏறலாமா என்றால், வேண்டாம். ஏறத்தாழ 2,390 மீட்டர் உயரம், போய்வர 14 கிலோமீட்டர். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

இன்னொன்று: வாகனத் தரிப்பிடத்தில் மரை என்ற பெரிய மான் ஒன்று கிட்டவே வந்து வான் ஜன்னலுக்குள் மூக்கை நீட்டும். எதுவும் கொடுக்காதீர்கள், கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள். எங்கள் வாழைப்பழச் சீப்பு அப்படித்தான் போனது.