பொடக்காலிக் கதவு: மில்லில் மறந்துபோன மோடத்தைத் தேடி அடைக்கும் முறை

ஆசாரத்தில் (முன்கூடத்தில்) இன்டர்நெட் வழியே வருகிறவரைத் தடுக்கும் ஃபயர்வால் இருக்கும். பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) ஒரு டெலிபோன் லைன் திறந்து கிடக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருபது வருடத்துக்கு மேல் ஓடும் மில்லோ பவுண்டரியோ என்றால் இதை ஒரு முறையாவது சோதித்துவிட வேண்டும். மெஷினை வெளியிலிருந்து பார்க்க சர்வீஸ்காரர் ஒரு மோடம் (கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் கருவி) வைத்திருப்பார், ஈபிஏபிஎக்ஸ் (கம்பெனியின் உள் டெலிபோன் எக்சேஞ்ச்) மாட்டியவர் இன்னொன்று. அதன் வழியே வருகிறவர் ஃபயர்வால் பக்கமே வராமல் நேராக உள்ளே இறங்கிவிடுவார்.

தேடலை பில்லில் தொடங்குங்கள். கம்பெனி பெயரில் உள்ள எல்லா பிஎஸ்என்எல் எண்களையும் ஒரு வருடப் பில்களிலிருந்து எடுத்து எழுதுங்கள். வாடகை மட்டும் கட்டி, ஒரு கால்கூட வெளியே போகாத லைன்தான் முதல் சந்தேகம்; உள்ளே வரும் அழைப்பை மட்டும் எடுக்கும் மோடத்துக்குப் பில் அப்படித்தான் வரும். ஈபிஏபிஎக்ஸின் எக்ஸ்டென்ஷனில் தொங்கும் மோடம் பில்லில் தெரியாது. அதற்கு குரோன் பிளாக்கில் (டெலிபோன் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் இணைப்புப் பலகை) ஒவ்வொரு ஜோடி ஒயரும் எங்கே போகிறது என்று டோன் டெஸ்டர் (ஒயரில் ஒலி அனுப்பி மறுமுனையைக் கண்டுபிடிக்கும் கருவி) வைத்துத் தொடர்ந்து போக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் அரைகுறை.

அடுத்து காது. முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள சொந்த எண்களை மட்டும் சாதாரண போனில் அழையுங்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயும். ரிங் பத்து முறை அடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். சில மோடம் ஐந்தாறு ரிங் அடித்த பிறகுதான் எடுக்கும். பகலில் ஒரு முறை, ஆபீஸ் பூட்டிய பின் ஒரு முறை. எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸ் விசில் கேட்டால் அது மோடம் அல்லது ஃபேக்ஸ். விசிலுக்குப் பின் ஒரே கரகரப்பு சில நொடிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஃபேக்ஸ். இரைச்சல் மாறிக்கொண்டே போனால் மோடம்.

எண் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கைதான் அந்தக் காலத்து டயல்-அப் அமைப்புகளைக் கவிழ்த்தது. ஒரு எக்சேஞ்சில் கடைசி நான்கு இலக்கத்துக்கு 10,000 எண்கள். எண்ணுக்கு 45 நொடி என்றால் மொத்தம் 125 மணி நேரம். ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஆறு நாளுக்குள் எல்லாவற்றையும் அழைத்து, விசில் கேட்ட எண்களைத் தனியே குறித்துவைத்துவிடும். இதற்கு வார் டயலிங் என்று பெயர்.

மோடம் கிடைத்ததும் உடனே பிடுங்காதீர்கள். எந்த மெஷின், எந்த சீரியல் போர்ட் என்று போட்டோ எடுத்து, சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். மின்வாரிய மீட்டரோடு இருக்கும் மோடம் உங்களுடையதல்ல, சீலைத் தொட வேண்டாம்.

பிறகு சீரியல் கேபிள் மாட்டி, டெர்மினல் புரோகிராமில் 9600 வேகத்தில் (கட்டளை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) ‘ஏடி&வி’ கொடுங்கள்; மோடத்தின் இப்போதைய அமைப்பு பட்டியலாக வரும். எஸ்0 என்ற இடத்தில் 0 தவிர வேறு எண் இருந்தால், அத்தனையாவது ரிங்கில் மோடம் தானே எடுக்கிறது. ‘ஏடிஎஸ்0=0’ கொடுத்து ‘ஏடி&டபிள்யூ’ கொடுங்கள்; இரண்டாவதை மறந்தால் கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும். இதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பழைய விண்டோஸ் என்டியில் வெளி அழைப்பை ஏற்கும் ரிமோட் ஆக்சஸ் சர்வீஸ் போன்றவை மோடத்தைத் தாங்களே மறுபடி அமைக்கும். எஸ்0 சுழியமாக இருந்தாலும் மணி அடிப்பதைக் கண்டு தாங்களே எடுக்கவும் செய்யும். அந்த சர்வீஸையும் நிறுத்துங்கள்.

மோடம் தேவை என்றால் ‘&சி1’ (லைன் இருக்கிறதா, அறுந்ததா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது), ‘&டி2’ (கம்ப்யூட்டர் விட்டதும் மோடம் லைனைத் துண்டிப்பது) இரண்டையும் பாருங்கள். ‘&சி0’ ஆக இருந்தால் லைன் அறுந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது; முன்னவர் லாகின் திறந்தே நிற்க, அடுத்து அழைப்பவர் பாஸ்வேர்டு இல்லாமல் அதிலேயே உட்கார்ந்துவிடுவார். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை இரண்டு உண்டு: பிஏபி பாஸ்வேர்டை அப்படியே லைனில் அனுப்பும், சிஹெச்ஏபி அனுப்பாது, பின்னதையே வையுங்கள். முழு நெட்வொர்க்கையும் திறக்காமல் அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் கொடுங்கள். கால்பேக் (அழைத்தவரைத் துண்டித்துவிட்டு, பதிவுசெய்த எண்ணுக்கு மோடமே திருப்பி அழைப்பது) வைத்தால் திருப்பி அழைக்க வேறு லைன் வேண்டும். ஒரே லைன் என்றால், அழைத்தவர் போனை வைக்காமல் போலி டயல் டோன் கொடுத்து ஏமாற்ற வழியிருக்கிறது. எங்கள் கருத்தில் இவை எல்லாவற்றையும்விட நல்லது மோடத்துக்குத் தனி சுவிட்ச்: சர்வீஸ்காரர் போன் செய்த பிறகு போடுவது, வேலை முடிந்ததும் அணைப்பது, நேரத்தை நோட்டில் எழுதுவது.

உடுமலை, பல்லடம் காற்றாலைகளிலும் கிணற்று மோட்டாரின் மொபைல் ஸ்டார்ட்டரிலும் சிம் போட்ட கருவி இருந்தால் அதுவும் இதே கதவுதான். பதிவுசெய்த எண்களுக்கு மட்டும் பதில் தரும்படி அமைத்து, கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். எண்ணைப் போலியாகக் காட்டவும் முடியும் என்பதால் இரண்டும் வேண்டும்.

வேண்டாத லைனை எக்சேஞ்சில் எழுதிக் கொடுத்து சரண்டர் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பட்டியலை வெளி போனிலிருந்து மறுபடி அழைத்துப் பாருங்கள். சர்வீஸுக்கு வந்தவர் பழைய ஒயரைத் திரும்ப மாட்டியிருந்தால் விசில் கேட்கும்.