சாமியைத் திட்டிவிட்டான் என்று ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்

நீங்கள் கும்பிடும் சாமியை வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் கேவலப்படுத்தி எழுதிவிட்டான், கை நடுங்குகிறது, உடனே ஏதாவது செய்தாக வேண்டும் போலிருக்கிறது. அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கன். மாதாவை அசிங்கப்படுத்திய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறேன், அதனால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

முதல் வேலை, அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். "பாருங்க என்ன எழுதியிருக்கான்" என்று நாலு குரூப்பில் போட்டீர்கள் என்றால், ஐம்பது பேர் பார்த்ததை ஊர் முழுக்கக் கொண்டுபோனது நீங்கள்தான். எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனைக் கீழே வையுங்கள்.

அப்புறம் ஆற அமர அதைத் திரும்பப் படியுங்கள். உங்கள் மனம் புண்பட்டதா என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. இந்தியாவின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, அதாவது 2024 ஜூலைக்கு முன்பு இ.பி.கோ. 295ஏ என்று இருந்தது, மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே கெட்ட எண்ணத்தோடு இழிவுபடுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணு போலப் பத்திரிகை அட்டையில் போட்டதற்காக அவர் மேல் வந்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2017இல் ரத்து செய்தது. கெட்ட எண்ணம் இல்லாமல், தெரியாமலோ கவனக்குறைவாலோ நடந்த அவமதிப்பு இந்தப் பிரிவுக்குள் வராது என்றது. கடவுளே இல்லை என்று ஒருவர் சொல்வதும், உங்கள் சடங்கைக் கேள்வி கேட்பதும் வலிக்கும்தான், ஆனால் அது மட்டுமே குற்றம் ஆகிவிடாது.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று தெரிந்தால் இன்னும் நிதானம் வரும். நபிகளை இழிவுபடுத்தும் புத்தகத்தை வெளியிட்ட ராஜ்பாலை, இருக்கிற சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் விடுவித்தது. ஊர் கொதித்தது, அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு 295ஏவைக் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் 1929இல் ராஜ்பாலைக் குத்திக் கொன்றார்கள், குத்திய இளைஞனைத் தூக்கில் போட்டார்கள். பிரிவினைக்குப் பிறகு அதே சட்டத்தை வைத்துக்கொண்ட பாகிஸ்தான், ஜியா உல் ஹக் காலத்தில் அதன் மேல் ஒவ்வொன்றாகக் கூட்டி 1986இல் 295சி வரை போனது, நபியை அவமதித்தால் மரண தண்டனை. 2009இல் பழம் பறிக்கிற இடத்தில் தண்ணீர் குடித்ததில் வந்த சண்டை ஆசியா பீபி என்கிற கிறிஸ்தவக் கூலித் தொழிலாளியை அந்தப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தியது. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011இல் அவருடைய காவலரே சுட்டுக் கொன்றார். சாட்சிகள் சொன்னது ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று 2018இல் அங்கேயுள்ள உச்ச நீதிமன்றம் அந்த அம்மாவை விடுவித்தபோது, அவர் கைதாகி ஒன்பது வருடம் ஓடியிருந்தது.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, முழங்கால் போடும்போது என் பாவத்தை மட்டும்தான் சொல்ல முடியும், பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தை எடுத்தால் சாமியார் நிறுத்திவிடுவார். கடவுளைத் திட்டியவன் கடவுளுக்குக் கணக்குச் சொல்லட்டும், அந்தக் கணக்கை வாங்குகிற வேலையை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கேட்கப் போவது, கோபத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. "அவங்களை அடி", "கடையை எரி" என்று எழுதியிருந்தால் அது மனிதர்களின் உயிர் விஷயம், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள், ஒருவரோ இருவரோ போனால் போதும். அவன் எழுதிய வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைக் கலக்காதீர்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சரி, புகார் உங்கள் மேலேயே வந்தால்? நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தப்பு உங்கள் மேல் என்றால், "யாராவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்காமல் நேராக மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் போலீஸுக்கு எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள். 299 ஜாமீனில் விடத்தக்க பிரிவு இல்லை, அதனால் முன்ஜாமீன் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது, பெரும்பாலும் முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வர வேண்டும். வந்தால் சொன்ன தேதியில் போய் நில்லுங்கள். கைதே ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் 299ஐ விசாரணைக்கே எடுக்க முடியாது, அந்த அனுமதி இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு விதி வேறு, இன்னும் கடுமை. அங்கே மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடை செய்கிற 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில், ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. நம்ம ஆட்களே ஒருவர் மேல் பொய்யாகவோ ஊதிப் பெருக்கியோ புகார் கொடுக்கிறார்கள், அவர் அப்படிச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்று வையுங்கள். அப்போது வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்கள் பார்த்ததை, கேட்டதை, தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சர்ச் பங்கில், ஜமாத்தில், கோயில் கமிட்டியில் யார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அவருடைய வக்கீலிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு விசாரணை அதிகாரியிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.