திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது எப்படி: உகாண்டாவில் ஊழியத்தைத் தாங்கும் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படும் உபத்திரவத்தில் விசாரிப்பது மாசில்லாத பக்தி என்று யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே வரும் ‘விசாரித்தல்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் பராமரிப்பது என்றும் பொருள் உண்டு, கேட்டறிவது என்றும் பொருள் உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள அனாதைப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை அனுப்பும் நம் சபைகள் பராமரிப்பை மனதாரச் செய்கின்றன. கேட்டறிவதற்கு மட்டும் தயங்குகின்றன. ஊழியக்காரரிடம் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

எங்கள் சேகரத்தின் மிஷனரிக் குழுவும் அப்படித்தான் இருந்தது. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கைக் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் பல ஆண்டுகள் அனுப்பிவந்தோம். நான் ஒருமுறை அங்கே சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரு பெண் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளேயிருந்து ஓடிவந்த சிறுவன் அந்தப் பொட்டலத்தை அவர் மடியிலேயே வைத்துப் பிரித்துச் சாப்பிட்டான். அவர் அவனுடைய தாய். வீடு நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. பள்ளிச் செலவுக்கு வழியில்லாததால் பிள்ளையை இல்லத்தில் விட்டிருந்தார். நாங்கள் ஜெபத்தில் ‘அனாதை’ என்று பெயர் சொல்லி வந்த பிள்ளை அவன். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அந்த மாலைதான் காரணம்.

முதலில் ‘அனாதை’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை தாய் தந்தையரில் ஒருவரை இழந்திருந்தாலே யுனிசெஃப் நிறுவனம் அந்தப் பிள்ளையை அனாதைக் கணக்கில் சேர்க்கிறது. 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 14 கோடிப் பேர். அவர்களில் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர் மட்டுமே. மற்றவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களில் பலருக்கும் பாட்டியோ சித்தியோ மாமனோ இருக்கிறார்கள். ஆகவே, உதவி செய்ய விரும்பும் சபை கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்தப் பிள்ளையை எங்கே வைத்து வளர்ப்பது’ என்பதன்று. ‘இந்தப் பிள்ளையை இப்போது யார் வளர்க்கிறார், அவருக்கு எது குறைவாயிருக்கிறது’ என்பதே.

இந்தக் கேள்விக்கு உகாண்டாவின் தென்பகுதி தெளிவான பதிலைத் தருகிறது. விக்டோரியா ஏரிக்கரையில், அப்போது ராகாய் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கசென்செரோ என்ற மீனவ ஊரில்தான் 1982ஆம் ஆண்டு அந்நாட்டின் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். உடல் மெலிந்து போவதால் மக்கள் அதை ‘ஸ்லிம்’ என்று அழைத்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ராகாய், மசாகா பகுதிகளில் வாழ்ந்த ஒரு தலைமுறைப் பெற்றோர் பெருமளவில் மடிந்துபோக, விடப்பட்ட பிள்ளைகளை, லுகாண்டா மொழியில் ‘ஜாஜா’ என்று அழைக்கப்படும் பாட்டிமார்களே வாரி எடுத்துக்கொண்டார்கள். மசாகாவிலுள்ள கிட்டோவு கத்தோலிக்க மருத்துவமனையின் குழுவினர் 1987 முதல் நோயாளிகளை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று கவனித்தார்கள். அப்படி வீடு வீடாகப் போனதால்தான், நோயாளி இறந்த பிறகு அந்த வீட்டில் எஞ்சுகிறவர்கள் யார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. பெற்றோரை இழந்த வளரிளம் பிள்ளைகளுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்கும் பணியும் பிறகு அங்கிருந்து தொடங்கியது. நல்ல ஊழியத்துக்கு அடையாளம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: அவர்களுடைய கால்கள் வீடுகளை நோக்கிப் போயின.

உங்கள் சபை தாங்கவிருக்கும் ஊழியத்தின் பொறுப்பாளரிடம் எழுத்து மூலமாகவே சில காரியங்களைக் கேட்டுப் பெறுங்கள். அது இல்லமாக இருந்தால், உகாண்டாவின் சட்டப்படி அரசின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள குடும்ப, பிள்ளைகள் நீதிமன்றத்தின் ஆணை இருக்க வேண்டும். பிள்ளைகள் நலனைக் கவனிக்கும் அரசு அலுவலரான மாவட்டப் புரொபேஷன் அலுவலருக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். உறவினரைத் தேடிய பதிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டா, கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் என்றும் கேளுங்கள். ‘ஒருவரும் இல்லை’ என்று பதில் வந்தால், அந்த இல்லம் பிள்ளைகளை உள்ளே எடுக்க மட்டுமே பழகியிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். நேர்மையான ஊழியக்காரர் இந்தக் கேள்விகளால் மனம் புண்படுவதில்லை. தம்மிடம் இவ்வளவு அக்கறையோடு கேட்கிறார்களே என்று மகிழ்கிறவர்களையே நான் கண்டிருக்கிறேன்.

பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஆகும் செலவு என்ன? உகாண்டாவில் 1997 முதல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் சீருடை, நோட்டுப் புத்தகங்கள், தேர்வுக் கட்டணம், பள்ளியில் கொடுக்கும் மக்காச்சோளக் கஞ்சி ஆகியவற்றுக்குப் பெரும்பாலான பள்ளிகள் பணம் கேட்கின்றன. அது கட்டப்படாதபோது பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இந்தச் சிறு தொகைகளே ஒரு பாட்டியைத் தோற்கடிக்கின்றன. ஆகவே பணத்தைப் பள்ளிக்கே நேரடியாகச் செலுத்தி ரசீது பெறும் ஏற்பாட்டை உள்ளூர்ச் சபையின் மூலம் செய்யுங்கள். ஒரே வீட்டில் அனாதைப் பிள்ளையும் அதே பாட்டியின் மற்றப் பேரப்பிள்ளைகளும் இருக்கும்போது, ஒருவனுக்கு மட்டும் புதுச் சட்டையும் காலணியும் வந்தால் அந்த வீட்டுக்குள் கசப்பு நுழைந்துவிடும். பிள்ளைக்கு என்று கணக்கிடாமல் வீட்டுக்கு என்று கணக்கிடுவதே நல்லது.

இதனினும் முக்கியமான ஒன்று, இன்னும் உயிரோடிருக்கும் தாயை உயிரோடு காப்பது. எச்.ஐ.வி. உள்ள தாய், அந்தக் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மாத்திரைகளை விடாமல் உட்கொண்டால் நீண்ட காலம் வாழ்ந்து தன் பிள்ளைகளைத் தானே வளர்க்க முடியும். மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே போய் வர போடா போடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் மருந்தை விடுகிறவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது இப்படிப்பட்ட சிகிச்சைப் பணிகள் பல இடங்களில் தடுமாறின. ஒரு தாயின் மாதாந்தரப் பயணச் செலவை ஏற்றுக்கொள்வது காணிக்கை அறிக்கையில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை அனாதையாகாமல் தடுக்கும் உதவிகளில் இதைவிட மலிவானதை நான் அறியேன்.

உங்கள் சபை ஏற்கெனவே ஓர் இல்லத்தைத் தாங்கிவந்தால், இதையெல்லாம் வாசித்துவிட்டு அடுத்த மாதமே பணத்தை நிறுத்திவிடாதீர்கள். அதனால் பசிக்கப்போவது பிள்ளைகளே. ருவாண்டா அரசு 2012ஆம் ஆண்டு பிள்ளைகள் இல்லங்களைப் படிப்படியாக மூடி, பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்கத் தீர்மானித்தது. 1994 இனப்படுகொலைக்குப் பின் இல்லங்கள் பெருகியிருந்த நாடு அது. கென்யாவும் 2022 முதல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டு இதே வழியில் செல்கிறது. உங்கள் இல்லத்தின் பொறுப்பாளரிடம் பேசி, மூன்று ஆண்டுகளுக்காவது உங்கள் பணம் நிற்காது என்று உறுதி கொடுத்து, அதில் ஒரு பங்கைக் குடும்பங்களைத் தேடும் சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். சேருகிற குடும்பத்துக்குத் தொடர்ந்து உதவி போக வேண்டும். எந்த உறவினரும் இல்லாத பிள்ளைகளும், வீட்டிலேயே கொடுமைக்கு ஆளான பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைக்கும்வரை சிறிய, நல்ல இல்லம் தேவைதான்.

விதவைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலான சபைகள் உணவுப் பொட்டலத்தோடு நின்றுவிடுகின்றன. கணவன் அடக்கம் செய்யப்பட்ட சில நாட்களிலேயே அவனுடைய உறவினர்கள் வந்து நிலத்தையும் வாழைத் தோட்டத்தையும் வீட்டுக் கதவையும் உரிமை கொண்டாடுவது உகாண்டாவில் பழைய துயரம். நிலம் போனால் அந்தத் தாய்க்குச் சாப்பாடு போகிறது. அதன்பின் பிள்ளைகள் இல்லத்துக்குப் போகிறார்கள். விதவையின் நிலத்தைக் காப்பது அனாதைப் பிள்ளை ஊழியத்தின் வேர் என்பது என் உறுதியான எண்ணம். இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு முகோனோ பகுதியில் வழக்கறிஞர்களைக் கொண்டு, இப்படி நிலம் பறிக்கப்பட்ட விதவைகளுக்காகப் பல ஆண்டுகள் வழக்காடியது. எல்லாச் சபைகளாலும் வழக்காட முடியாது. காகிதங்களைச் சேர்த்து வைக்க எல்லாச் சபைகளாலும் முடியும்.

உகாண்டாவின் நடுப்பகுதியான புகாண்டாவில் பலர், மைலோ என்னும் நிலவுரிமைப்படி வேறொருவருக்குச் சொந்தமான நிலத்தில், குடியிருந்து பயிரிடும் உரிமையுள்ள ‘கிபான்ஜா’ குடியிருப்பாளர்களாக வாழ்கிறார்கள். அவர்கள் நில உரிமையாளருக்குச் செலுத்தும் ‘புசூலு’ வாடகையின் ரசீது, ஊர் மன்றத் தலைவர் சாட்சிக் கையொப்பமிட்ட கிரய ஒப்பந்தம், திருமணச் சான்று, இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு நகலை ஆலய அலுவலகத்திலும் வைக்கச் சொல்லுங்கள். உயில் எழுதாமல் கணவன் இறந்தால், உகாண்டாவின் வாரிசுரிமைச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி மனைவிக்குச் சொத்தில் 20 விழுக்காடும் பிள்ளைகளுக்கு 75 விழுக்காடும் சேரும். முன்பு மனைவியின் பங்கு 15 விழுக்காடாக இருந்தது. குடியிருந்த வீடு இந்தப் பங்கீட்டில் சேராது. ஆனால் சட்டப்படி மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு மனைவி என்ற பங்கு கிடைப்பதில்லை. ஆடம்பரத் திருமணத்துக்கும் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய பரிசத்துக்கும் பணமில்லாமல் திருமணத்தைத் தள்ளிப்போட்டு வாழும் தம்பதிகள் ஏராளம். ஆகவே உள்ளூர்ப் போதகர் பல தம்பதிகளுக்கு ஒரே நாளில் எளிமையாகத் திருமணம் நடத்திப் பதிவு செய்துகொடுப்பதே நாளைய விதவைகளுக்கு இன்று செய்யும் உதவி. அந்தச் செலவைத் தாங்க உங்கள் சபை முன்வரலாம்.

வருமானத்துக்கு வழி செய்ய நினைக்கும்போது நம்மவர்களுக்கு உடனே தோன்றுவது தையல் இயந்திரம். ஒரே ஊரில் இருபது பெண்கள் தைத்தால் துணி கொடுக்க ஆள் எங்கே என்று யோசிக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது கிராம சேமிப்புக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஆப்பிரிக்க வடிவம் 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்னும் சர்வதேச உதவி நிறுவனத்தின் முயற்சியில் தொடங்கியது. அதில் வங்கி இல்லை, ஒரு தகரப் பெட்டிதான். பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் வாரந்தோறும் வட்டமாக அமர்கிறார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம். பெட்டியை வீட்டில் வைத்திருப்பவரிடம் சாவி கிடையாது. மூவரும் வந்து திறந்த பிறகே கூட்டம் தொடங்குகிறது. ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்க, பாஸ்புக்கில் பங்குக்கு ஒரு முத்திரை விழுகிறது. எழுதப்படிக்கத் தெரியாத பெண்ணும் தன் முத்திரைகளைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்கிறார். அவசரத்துக்கென்று தனியாக ஒரு நிதி, அதிலிருந்து சாவுக்கும் நோய்க்கும் உதவி. ஆண்டு முடிவில் சேமிப்பையும் வட்டியையும் முழுவதும் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் நம் காணிக்கையைப் போட்டுவிடாதீர்கள். வெளிப்பணம் விழுந்த பெட்டியை யாரும் தன் பெட்டியாகக் காப்பதில்லை. வாங்கிய கடனைத் திருப்பும் எண்ணமும் தளர்ந்துவிடும். குழுவைப் பழக்குகிறவரின் சம்பளத்தையும், பெட்டி, பாஸ்புக் ஆகியவற்றின் விலையையும் கொடுத்தால் போதும்.

பணம் அனுப்பும் முறையில் இந்தியச் சபைகள் கவனமாயிருக்க வேண்டும். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வந்த பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வழியில்லை. தனிநபர் தம் வங்கியின் மூலம் ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள வரம்புக்குள் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்பலாம். எதுவானாலும் முதலில் உங்கள் தணிக்கையாளரிடம் கேளுங்கள். போய்வருகிறவர் கையில் ரொக்கம் கொடுத்தனுப்பும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். அங்கேயும் தனிநபர் கணக்குக்கு அனுப்பாமல், இருவர் கையொப்பமிடும் சபைக் கணக்குக்கே அனுப்புங்கள்.

பிள்ளைகளின் முகமும் பெயரும் தெரியும்படி புகைப்படங்களைத் திரையிடுவதையும், வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதையும் நிறுத்துங்கள். ‘எய்ட்ஸால் அனாதையானவன்’ என்ற அடைமொழியோடு வெளிவந்த படம் அவன் வளர்ந்து வேலை தேடும் நாளிலும் அவனைப் பின்தொடரும். இரண்டு வாரம் தங்கிப் பிள்ளைகளைக் கட்டியணைத்துவிட்டுத் திரும்பும் ஊழியப் பயணங்களையும் நான் ஆதரிப்பதில்லை. ஏற்கெனவே இழந்தவர்களை நாமும் விட்டுவிட்டு வருகிறோம் அல்லவா? போக விரும்புகிறவர்கள் கணக்கைப் பார்க்கவும், பாட்டிமாரைச் சந்திக்கவும், உள்ளூர்ப் பணியாளரோடு உட்கார்ந்து அவர் களைப்பைக் கேட்கவும் போகட்டும்.

கடைசியாக நாட்களைப் பற்றி ஒன்று. உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பமாகிறது. இரண்டாம் பருவம் மே மாத இறுதியிலும் மூன்றாம் பருவம் செப்டம்பரிலும் தொடங்குகின்றன. நம் சபைகளில் கிறிஸ்துமஸ் காணிக்கையை எண்ணி, கமிட்டி கூடித் தீர்மானம் எழுதி, வங்கிக்குப் போவதற்குள் மார்ச் வந்துவிடுகிறது. அதற்குள் பிள்ளை ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பான். ஆகவே தீர்மானத்தை நவம்பரிலேயே எழுதி, ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் பணம் மசாகாவில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.